வழி தெரியாமல் நிற்பவருக்கு இஞ்ஞாசியார் தியானம்: கிடைப்பது என்ன, தவறுவது எங்கே

வேலையை விடுவதா தொடர்வதா, துறவறமா இல்லறமா, பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு இனி எதற்காக வாழ்வது என்ற கேள்விகளோடு தியான இல்லத்துக்கு வருபவர்கள் ஏராளம். பலரும் எதிர்பார்த்து வருவது ஒரு பதிலை. ஆண்டவர் பேசிவிடுவார், குருவானவர் சொல்லிவிடுவார், விவிலியத்தைத் திறந்ததும் ஒரு வசனம் கண்ணில் பட்டுவிடும் என்று நம்பி வருகிறார்கள். இஞ்ஞாசியார் தியானத்தின் அடிப்படையான, புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் அப்படி ஒரு பதிலைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நம் உள்ளத்தில் எழுகிற ஓட்டங்களில் எது கடவுளை நோக்கி இழுக்கிறது, எது அவரிடமிருந்து விலக்குகிறது என்று பிரித்தறியப் பழக்குகின்றன. அதன் பிறகு முடிவை நாமே எடுக்கிறோம்.

திசை தெரியாத மனத்துக்கு கிறிஸ்தவ மரபு தந்திருக்கும் வழிகளில் இவ்வளவு தெளிவாக, படிப்படியாக வகுக்கப்பட்டது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் எந்த வடிவில் எடுக்கிறோம், எந்த மனநிலையில் போகிறோம், யார் வழிகாட்டுகிறார் என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் எடுத்த நாள்கள் வீணாகும். சிலருக்குக் காயமும் ஆகும். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1521 மே மாதம் ஸ்பெயினின் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்ததால், அப்போது படைவீரராக இருந்த இஞ்ஞாசியார் லொயோலாவில் தம் வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரக்கதைகள் படிக்கக் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறும்தான். ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் வீரச்செயல்களைக் கற்பனை செய்தால் மணிக்கணக்கில் இனித்தது, கற்பனை கலைந்ததும் மனம் வறண்டு போனது. புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேம் போவதை நினைத்தாலும் இனித்தது, நினைப்பு ஓய்ந்த பிறகும் நிறைவு தங்கியது. முதலில் அவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. ஒருநாள் கண் திறந்தது. இனிக்கிறதா என்று கேட்பதை விட்டு, இனிப்பு போன பிறகு மனம் எங்கே நிற்கிறது என்று கேட்கத் தொடங்கினார். பயிற்சிகள் முழுவதும் இந்த ஒரு கவனிப்பின் விரிவுதான். 1522-ல் மன்ரேசாவில் எழுதத் தொடங்கிய குறிப்புகளைப் பல ஆண்டுகள் திருத்தினார், 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். அவர் குருத்துவம் பெற்றது 1537-ல். அதற்கு முன்பே, வெறும் பொதுநிலையினராக இருந்தபோதே, மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சிகளைக் கொடுத்துவந்தார். இன்று அருட்சகோதரிகளும் குடும்பஸ்தர்களும் வழிகாட்டிகளாக இருப்பதைப் பார்த்துத் தயங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலை மட்டும் வாங்கிப் படித்து இதைச் செய்துவிடலாம் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான பிழை. 370 பத்தி எண்கள் கொண்ட அந்தச் சிறு நூல் வாசகருக்காக எழுதப்பட்டதே இல்லை, பயிற்சியைக் கொடுக்கும் வழிகாட்டிக்காக எழுதப்பட்டது. வைத்தியரின் ஓலைச்சுவடியைப் போல அளவும் முறையும் மட்டும் இருக்கும். நோயாளி அதை வாசித்துக் குணமாக முடியாது. வாசித்தவர்கள் 'வறட்சியாக இருக்கிறது' என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

இப்போது வடிவங்களுக்கு வருவோம். முழு வடிவம் ஏறக்குறைய முப்பது நாள், முழு மௌனத்தில். இஞ்ஞாசியார் நிறுவிய துறவற சபையான இயேசு சபையினர் இதைத் தம் வாழ்நாளில் இருமுறை செய்கிறார்கள்: துறவறத்தின் தொடக்கப் பயிற்சியான நவசந்நியாசத்தில் ஒருமுறை, பயிற்சிக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் மறுமுறை. இரண்டாவது, எட்டு நாள் தியானம். தியான இல்லங்களில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். மூன்றாவது, வீட்டிலும் வேலையிலும் இருந்துகொண்டே செய்யும் அன்றாட வாழ்வுத் தியானம். நூலின் முன்னுரைக் குறிப்புகள் இருபதில் பத்தொன்பதாவது இதற்கு வழி திறக்கிறது. பொது அலுவலில் மூழ்கிய, ஆனால் படிப்பும் திறனும் உள்ள ஒருவர் தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்கிறார் இஞ்ஞாசியார். இன்று வழக்கத்தில் தினம் ஒரு மணி நேரச் செபம், வாரம் ஒருமுறை வழிகாட்டியுடன் சந்திப்பு, ஏழு முதல் ஒன்பது மாதம் என்று நடக்கிறது.

வாழ்க்கையில் திசை தெரியவில்லை என்று வருபவருக்கு இந்த மூன்றில் எது? கேட்டால் பலரும் எட்டு நாள் என்பார்கள். அன்றாட வாழ்வுத் தியானத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எட்டு நாளில் மனம் அமைதியாகவே மூன்று நாள் போய்விடும், மிச்சம் ஐந்தில் ஒரு பெரிய முடிவைத் தேட ஆரம்பித்தால் அவசரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்பது மாதம் என்றால் அலுவலகச் சண்டை, குழந்தையின் காய்ச்சல், உறவினரின் சாவு எல்லாமே செபத்துக்குள் வரும். முடிவு நிஜ வாழ்க்கையின் காற்றில் உலர்ந்து உறுதியாகும். இதன் குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல: மூன்றாம் நான்காம் மாதத்தில் சோர்வு வந்து கைவிடுபவர்கள் நிறைய. தினமும் அதே நேரம், அதே நாற்காலி என்ற ஒழுங்கை முதல் இரண்டு வாரத்தில் பிடிக்காதவர்கள் அநேகமாக முடிப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் எட்டு நாள் எடுத்துச் சுவை கண்டபிறகு நீண்டதற்குப் போகலாம்.

முன்பதிவு செய்யும்போது ஒரு சொல்லில் ஏமாறாதீர்கள். 'இஞ்ஞாசியார் தியானம்' என்ற பெயரில் நாளுக்கு மூன்று நான்கு மறையுரை கேட்கும் கூட்டுத் தியானங்களும் நடக்கின்றன. அவை நல்லவையே, விசுவாசத்தை ஊட்டும். ஆனால் முடிவெடுக்க வந்தவருக்கு அவை பயன்படுவது குறைவு, ஏனென்றால் அங்கே பேசுவது இன்னொருவர். நமக்குள் நடப்பதைக் கவனிக்க நேரம் எங்கே? தனி வழிகாட்டல் உண்டா, தினமும் ஒருவரோடு ஒருவராகச் சந்திப்பு உண்டா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நான்கைந்து பேர் சரி. எட்டைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கால்மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

தனி வழிகாட்டலில் ஒருநாள் எப்படிப் போகும்? நான்கு அல்லது ஐந்து செப வேளைகள், ஒவ்வொன்றும் முழுதாக ஒரு மணி நேரம். முதன்முறை வருபவருக்கு மூன்றில் தொடங்குவது நலம். திருப்பலி, வழிகாட்டியுடன் அரைமணி முதல் முக்கால்மணி, இரவில் ஆன்ம ஆய்வு, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம். மிச்ச நேரம் நடை, ஓய்வு, மௌனம். நாள் முழுதும் சும்மா இருப்பது போல வெளியே தெரியும். இரண்டாம் நாள் மாலைக்குள் உடல் அசந்துபோவது பலருக்கும் நடக்கும். பல மாத உழைப்பின் களைப்பு இறங்குகிறது, அவ்வளவுதான். முதல் நாள் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாலும் குற்ற உணர்வு வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் கைவினை இருக்கிறது. முந்தின இரவு படுக்கும் முன்பே மறுநாள் செபப் பகுதியை ஒருமுறை வாசித்து, எழுந்ததும் எதை நினைக்க வேண்டும் என்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். செப இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நின்று, கடவுள் இப்போது என்னைப் பார்க்கிறார் என்று ஒரு பரமண்டல மந்திரம் சொல்லும் நேரம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு உட்கார்வதோ, முழந்தாளிடுவதோ, படுப்பதோ எது உதவுகிறதோ அது. உதவுகிற நிலை கிடைத்துவிட்டால் மாற்றக் கூடாது. ஆயத்தச் செபம், காட்சியின் இடத்தைக் கற்பனையில் அமைத்தல், அதன் பிறகு 'நான் விரும்புவதைக் கேட்டல்'.

இந்தக் கடைசியில் சற்று நிற்க வேண்டும். ஒவ்வொரு செப வேளைக்கும் கேட்க வேண்டிய வரம் ஒன்று உண்டு: பாவத்துக்கான வருத்தம், கிறிஸ்துவை அணுக்கமாக அறிதல், அவரோடு துயருறுதல், அவரோடு மகிழ்தல். திசை தேடுபவர்கள் வழக்கமாக எல்லா வேளையிலும் ஒரே வரத்தைக் கேட்கிறார்கள்: 'என்ன செய்யட்டும் சொல்லும்.' முதல் பல நாள்களுக்கு அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிடச் சொல்வார் நல்ல வழிகாட்டி. பலருக்கு இது கோபத்தை உண்டாக்கும், 'இதற்காகவா வந்தேன்' என்று தோன்றும். ஆனால் கேள்வியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை செபம் வெறும் யோசனையாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பர்த்திமேயுவிடம் இயேசு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதை (மாற்கு 10:46-52) எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த வழியோரத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேட்க வந்த கேள்விக்கு அடியில் வேறொரு விருப்பம் கிடப்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். சம்பளத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், தந்தையின் பாராட்டுக்காக ஏங்குவதைக் கண்டுகொள்வார்.

நற்செய்திக் காட்சிக்குள் நுழையும்போது எல்லாம் தெளிவான படமாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. படம் வராதவர்கள் உண்டு, அவர்களுக்குப் பேச்சு கேட்கும், அல்லது அங்கே இருக்கிற உணர்வு மட்டும் வரும். ஒரு புள்ளியில் மனம் ஒட்டிக்கொண்டால் அங்கேயே நில், அடுத்ததற்கு ஓடாதே என்று நூல் சொல்கிறது. பத்து வசனம் கொடுத்தால் பத்தையும் முடித்தே தீருவேன் என்பவர்கள் இதில் தவறுகிறார்கள், பள்ளிப் பழக்கம் அது. கடைசியில் கிறிஸ்துவோடு நண்பரோடு பேசுவது போல ஓர் உரையாடல், பரமண்டல மந்திரம். வறட்சியாக இருந்தால் குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமாவது கூடுதலாக இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். எழுந்து ஓடு என்று தூண்டும் குரலுக்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கான பயிற்சி அது.

அதன் பிறகு கால்மணி நேரத் திருப்பிப் பார்த்தல். வேறிடத்தில் உட்கார்ந்து, அல்லது நடந்துகொண்டே, இந்த ஒரு மணியில் எங்கே உள்ளம் சூடானது, எங்கே இறுகியது, எங்கே சலித்தது என்று பார்த்து ஐந்தாறு வரி குறித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் விட்டுவிடும் பகுதி இது, இதை விட்டால் மீதி எல்லாம் வெறும் நல்ல அனுபவமாக முடிந்துவிடும். முடிவெடுக்கும் நாளில் கைவசம் இருக்கும் சரக்கு இந்தக் குறிப்புகள்தான். நேர்மாறான பிழையும் உண்டு: செபத்தின் நடுவிலேயே எழுதத் தொடங்குவது. எழுதுகிற கை ஓடும்போது செபிக்கிற மனம் நின்றுபோகும். பக்கம் பக்கமாக எழுதுவது அநேகமாகத் தப்பித்தல்தான்.

வழிகாட்டியிடம் என்ன சொல்வது? பாவங்களைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நம் அந்தரங்க எண்ணங்களையும் பாவங்களையும் அறிய வழிகாட்டி முயலக் கூடாது, உள்ளத்தில் நடக்கும் அசைவுகளை மட்டும் உண்மையாகத் தெரிந்துகொண்டால் போதும் என்று பதினேழாம் குறிப்பே வரம்பு கட்டுகிறது. எனவே சந்திப்பில் சொல்ல வேண்டியது: எந்தப் பகுதியைச் செபித்தேன், என்ன வரம் கேட்டேன், என்ன நடந்தது, நடந்த பிறகு மனம் எப்படி இருந்தது. பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். குடும்ப வரலாறு முழுவதையும் முதல் நாளிலேயே கொட்டுபவர்களுக்கு நேரம் போதாமல் போகிறது.

வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதை எடைபோட ஒரு நல்ல உரைகல் பதினைந்தாம் குறிப்பு. தியானத்தின்போது அவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது, தராசின் முள் போல நடுவில் நின்று, படைத்தவரும் படைப்பும் நேரடியாகத் தொடர்புகொள்ள விட வேண்டும். துறவறம் நல்லதுதான் என்றாலும்கூட இந்த நாள்களில் அதன் பக்கம் தள்ளக் கூடாது. 'உனக்கு இறை அழைத்தல் இருக்கிறது', 'இந்தத் திருமணம் கடவுளின் சித்தம் இல்லை' என்று மூன்றாம் நாளே சொல்லிவிடும் வழிகாட்டியிடமிருந்து மரியாதையோடு விலகிவிடுங்கள். அவர் எவ்வளவு புண்ணியவானாக இருந்தாலும் சரி. அதேபோல, ஒவ்வொரு சந்திப்பிலும் நம்மைவிட அதிகம் பேசுபவரும் இதற்குப் பொருந்தாதவர். நல்லவரின் அடையாளம் கேள்வி. 'அப்போது உள்ளே என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார்.

தியானம் நான்கு 'வாரங்களாக'ப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அவை ஏழு நாள் கணக்கு அல்ல. முதலாவது: நான் அன்பு செய்யப்பட்டவன், இருந்தும் பாவி. இரண்டாவது: இயேசுவின் வாழ்வு, அவரைப் பின்செல்லும் தேர்வு. மூன்றாவது பாடுகள், நான்காவது உயிர்ப்பு. முடிவெடுக்க வேண்டியது இரண்டாவதில். மூன்றும் நான்கும் அந்த முடிவைச் சிலுவையின் எடையிலும் உயிர்ப்பின் வெளிச்சத்திலும் சோதித்துப் பார்க்கின்றன. முதல் வாரத்தில் தன்னை வெறுக்கத் தொடங்குபவர்கள் உண்டு. வெறுப்பு வந்தால் அங்கேயே நிறுத்தி வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாரத்தில் கேட்கிற வரம் பாவத்துக்கான வருத்தமும் கண்ணீரும்தான், தன்வெறுப்பு அல்ல. இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் பாவ ஐயத்தால், அதாவது அறிக்கையிட்ட பிறகும் பாவங்களைப் பற்றித் தீராத சந்தேகத்தால் வாடி, அளவு மீறிய நோன்பால் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டவர். பிற்காலத்தில் தவ முயற்சிகளில் அளவைப் பற்றி அவர் காட்டிய கண்டிப்பு பட்டறிந்த கண்டிப்பு.

இரண்டாம் வாரத்தில் ஒரு தியானம், திசை தேடுபவருக்காகவே அமைத்தது போல இருக்கும். மூன்று வகை மனிதர்களுக்குப் பத்தாயிரம் டுக்கட் (அக்காலப் பொற்காசு) கிடைத்திருக்கிறது, கடவுளின் அன்புக்காக மட்டுமே வந்ததல்ல அந்தப் பணம். மூவருக்கும் அதன் மேலுள்ள பற்றிலிருந்து விடுபட ஆசை. முதல்வர் சாகும்வரை எதுவும் செய்வதில்லை. இரண்டாமவர் பற்று போக வேண்டும், பணமும் இருக்க வேண்டும் என்கிறார், கடவுள் தன் விருப்பத்துக்கு வர வேண்டும் என்கிறார். மூன்றாமவர் வைத்திருப்பதோ விடுவதோ இரண்டுக்கும் தயாராக நின்று, எது கடவுளின் சேவைக்கு உதவும் என்று பார்க்கிறார். பெரும்பாலோர் முதல்வராகத் தம்மை நினைத்து வந்து, தாம் இரண்டாமவர் என்று கண்டுகொள்கிறார்கள். மாதக்கணக்கில் 'கடவுளின் சித்தம் தெரியவில்லை' என்று தவித்ததன் காரணமும் அங்கேதான் வெளிப்படும். சித்தம் தெரியாமல் இல்லை, பேரம் படியவில்லை.

இனி இந்த முறையின் இதயம்: ஆறுதலும் வறட்சியும். இவற்றை இன்பம், துன்பம் என்று மொழிபெயர்த்துக்கொண்டால் எல்லாமே தலைகீழாகும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு கூடுகிற எல்லா அசைவும் ஆறுதல்தான், கண்ணீரோடு வந்தாலும். இருள், குழப்பம், கீழானவற்றின் பக்கம் இழுப்பு, நம்பிக்கையின்மை, கடவுளிடமிருந்து பிரிக்கப்பட்டது போன்ற உணர்வு ஆகியவை வறட்சி. வேலையை விட்டுவிட முடிவு செய்து 'நிம்மதியாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அந்த நிம்மதி அன்பைக் கூட்டுகிறதா, பொறுப்பிலிருந்து ஓடிவந்த இளைப்பாறலா என்று பார்க்க வேண்டும். இரண்டும் முதல் நாளில் ஒன்று போலவே இருக்கும். நான்காம் நாளில் பிரிந்து தெரியும்.

இந்த அசைவுகளைப் பிரித்தறிவதற்கு, அதாவது தெளிந்து தேர்தலுக்கு, நூல் தரும் முதல் தொகுதி விதிகள் பதினான்கு. அவற்றில் ஐந்தாவது ஒன்றுக்காகவே இந்தத் தியானத்தைக் கற்கலாம்: வறட்சிக் காலத்தில் எந்த மாற்றமும் செய்யாதே, அதற்கு முன் ஆறுதலில் எடுத்த தீர்மானத்திலேயே உறுதியாக நில். எத்தனை ராஜினாமாக் கடிதங்கள், உடைந்த நிச்சயதார்த்தங்கள், கைவிட்ட படிப்புகள் மனம் இருண்ட ஒரு வாரத்தில் எழுதப்பட்டவை! ஆறாவது விதி இதன் மறுபாதி: தீர்மானத்தை மாற்றாதே, ஆனால் வறட்சிக்கு எதிராக உன்னை மாற்று. செபத்தைச் சற்றுக் கூட்டு, உன்னை உற்றுப்பார், பொருத்தமான தவ முயற்சி செய். வறட்சி வர மூன்று காரணங்கள் தருகிறார்: நம் சோம்பல், நம்மைச் சோதித்துப் பார்த்தல், ஆறுதல் நம் சொத்து இல்லை என்று கற்பித்தல். முதல் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தன்னையே குத்திக் குதறுவது தவறு. அதற்கு முன் நான்கு நாள் சரியாகத் தூங்கினேனா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பக்தியில் சற்று முன்னேறியவர்களுக்கு இரண்டாம் தொகுதி எட்டு விதிகள். நல்லவர்களை ஏமாற்ற வருவது நன்மையின் உருவத்தில்தான் வரும் என்கிறது அது. ஆகவே ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றும் நன்மையாக இருந்தால் நல்ல ஆவி. நடுவில் அமைதி குலைந்தால், முன்பு இருந்ததைவிடக் குறைந்த நன்மையில் முடிந்தால், எச்சரிக்கை. நோயாளிகளுக்குச் சேவை செய்ய எல்லாவற்றையும் விட்டுப் போகத் துடிப்பவரிடம் தொடக்கம் அழகாக இருக்கும். நடுவில், வீட்டில் படுத்திருக்கும் தாயின் மேல் எரிச்சல் ஏறியிருக்கும். இந்தத் தொகுதியின் கடைசி விதி இன்னும் நுட்பமானது: கடவுள் தரும் ஆறுதல் உண்மையாகவே இருந்தாலும், அது கடந்து சூடு மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் நாமாகக் கட்டும் திட்டங்கள் நம்முடையவை. அவற்றைத் தனியாகச் சோதிக்க வேண்டும். தியானத்தின் கடைசி நாளில் எடுத்த பெரிய சபதங்கள் ஒரு மாதத்தில் உதிர்வதன் காரணம் இங்கே இருக்கிறது. ஆறுதலின் வேகத்தில் யாரும் அவசரமாக வாக்குறுதி எடுக்காதபடி வழிகாட்டி தடுக்க வேண்டும் என்று பதினான்காம் குறிப்பு முன்பே சொல்லிவிட்டது.

தேர்வுக்கான நேரம் மூன்று வகை. ஐயமே எழாதபடி கடவுள் இழுத்துவிடுவது முதலாவது, அபூர்வம். ஆறுதல், வறட்சியின் போக்கைப் பல நாள் பார்த்துத் தெளிவது இரண்டாவது. மனம் அமைதியாக இருக்கும்போது அறிவைக் கொண்டு எடைபோடுவது மூன்றாவது. மூன்றாவதை 'வெறும் மூளை வேலை' என்று தாழ்வாக நினைப்பது தவறு. இதற்கான படிகள் துல்லியமானவை. தேர்வு எதைப் பற்றி என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். படைக்கப்பட்டதன் நோக்கத்தை நினைத்து, எந்தப் பக்கமும் சாயாத நிலைக்கு வாருங்கள். வர முடியவில்லை என்றால் அதற்காகவே செபியுங்கள், மேலே போகாதீர்கள். தாளை நான்காகப் பிரித்து, இதை ஏற்றால் கடவுளின் சேவைக்கு வரும் நன்மை, ஏற்றால் வரும் ஆபத்து, ஏற்காவிட்டால் நன்மை, ஏற்காவிட்டால் ஆபத்து என்று நிரப்புங்கள். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், எடையைப் பாருங்கள். ஒற்றைக் காரணம் பன்னிரண்டைச் சாய்க்கலாம். தெளியவில்லையா? முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வேன், சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன் என்று கேளுங்கள். முடிவு வந்ததும் அதைக் கடவுளின் முன் வைத்து, ஏற்று உறுதிப்படுத்தக் கேட்க வேண்டும். நூலில் இல்லாத ஒரு நடைமுறையைப் பல வழிகாட்டிகள் சேர்த்துக்கொள்கிறார்கள்: இரண்டு நாள் முதல் முடிவை எடுத்துவிட்டது போலவே வாழ்வது, அடுத்த இரண்டு நாள் மற்றதை எடுத்தது போல வாழ்வது, குறிப்பேட்டில் வித்தியாசத்தைப் பார்ப்பது. மிக உதவியான சேர்க்கை.

நன்மையும் தீமையும் இந்த முறையில் எடைபோடப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு நன்மைகளுக்கு இடையில்தான் தேர்வு. லஞ்சம் வாங்கலாமா என்பது செபித்துத் தெளிய வேண்டிய கேள்வி இல்லை. திருமணம் போல ஏற்கெனவே நிரந்தரமாக எடுத்த தேர்வும் இங்கே மறுபடி திறக்கப்படுவதில்லை. அதற்குள் எப்படி நன்றாக வாழ்வது என்பதுதான் கேள்வி.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு அரசன், படைக்கொடி, போர்க்களம் என்ற உருவகங்கள் சிலருக்குக் கைகொடுப்பதில்லை. நல்ல வழிகாட்டி மாற்றிக் கொடுப்பார், எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல முடியாது. எல்லாமே வழிகாட்டியின் தரத்தைச் சார்ந்திருப்பது பெரிய பலவீனம். கைப்பேசியை ஒப்படைக்காமல் அறைக்குக் கொண்டுபோக விடும் இல்லங்களில் மௌனம் பெயரளவுக்குத்தான். கூட வந்த நண்பரோடு ஒரு மாலை மெதுவாகப் பேசினால்கூட மறுநாள் செபம் சிதறும். ஆன்மீக நூல்களைப் பையில் நிறைத்து வருவதும் அப்படியே. விவிலியமும் குறிப்பேடும் போதும்.

சிலருக்கு இந்த நேரத்தில் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். கடும் மனச்சோர்வில் தூக்கமும் பசியும் போனவர், தற்கொலை எண்ணம் வருபவர், குரல்கள் கேட்பவர் மருத்துவரிடம் முதலில் போக வேண்டும். ஆன்ம வறட்சியும் மனச்சோர்வு நோயும் வெளியே ஒத்திருக்கலாம், ஆனால் நீண்ட மௌனம் நோயைக் கூட்டிவிடக்கூடும். மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் வரலாம், மருந்தை நிறுத்திவிட்டு வரக் கூடாது, வழிகாட்டியிடம் மறைக்கவும் கூடாது. நெருங்கியவரைப் பறிகொடுத்துச் சில வாரமே ஆனவர்களுக்குச் செபத்தைவிட உறவுகளின் துணை வேண்டும். பதினெட்டாம் குறிப்பு, ஒவ்வொருவரின் வயது, கல்வி, திறனுக்கு ஏற்பக் கொடு, தாங்க முடியாததைக் கொடுக்காதே என்கிறது. கத்தோலிக்கர் அல்லாத சபைகளைச் சேர்ந்தவர்கள் தாராளமாக வரலாம். வேத வாசிப்பில் ஊறியவர்களுக்கு நற்செய்திக் காட்சிகளில் நுழைவது விரைவாகவே கைவரும்.

எந்த வடிவமும் இப்போது இயலாதவருக்கு ஆன்ம ஆய்வு மட்டுமாவது கிடைக்கட்டும். தினம் இரவு கால்மணி நேரம்: நன்றி சொல்லுதல், அருள் கேட்டல், கழிந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு கேட்டல், நாளைக்கான ஒரு தீர்மானம். மூன்றாவதில் பாவப் பட்டியல் போடாமல், எங்கே உயிரோட்டம் வந்தது, எங்கே உள்ளம் வற்றியது என்று பார்த்து ஒரு வரி எழுதிவையுங்கள். அறுபது நாள் கழித்து அந்த அறுபது வரிகளைச் சேர்த்து வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்களும் இடங்களும் வேலைகளும் தெரியவரும்.

தியானம் முடிந்து வீடு திரும்புகிறவர், எடுத்த முடிவை முதல் வாரத்தில் யாரிடமும் அறிவிக்காமல் இருப்பது நல்லது. வாழ்க்கைத் துணையைப் பாதிக்கும் முடிவு என்றால் நிலைமை வேறு, அவரோடு பேசாமல் அதை உறுதி செய்யவே முடியாது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் முடிவையும் அதற்கான எடைமிக்க மூன்று காரணங்களையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வறட்சி வரும் நாளில் திறந்து பார்ப்பதற்கு அது வேண்டும், அந்த நாள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வருகிறது. வழிகாட்டியுடன் அடுத்த சந்திப்புக்கான தேதியை ஒரு மாதத்துக்குள் இருக்கும்படி, இல்லத்தின் வாசலைத் தாண்டும் முன்பே குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.